சாரை வரச் சொல்லுங்க மேடம்

வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்க்க வந்த தம்பி வேலையை முடித்து, செருப்பையும் மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். பில் 1,850 ரூபாய். என் ஜிபேயில் இருந்தது 310. ஜாயின்ட் அக்கவுண்டில் 41,000 கிடக்கிறது, அன்றைக்குக் காலையில்தான் பாஸ்புக் பிரின்ட் போட்டுப் பார்த்தேன், முதல் பக்கத்தில் என் வீட்டுக்காரர் பெயருக்குக் கீழே என் பெயரும் இருக்கிறது. கார்டு? பழைய கார்டு ஜூனோடு காலாவதி. புதுக் கார்டு தபாலில் வந்துவிட்டது, ஆனால் பின் நம்பர் போட ஓடிபி வேண்டும், ஓடிபி போவது அவர் போனுக்கு, அவரோ மீட்டிங்கில். மூன்று தடவை அடித்தேன், எடுக்கவில்லை. அந்தத் தம்பி "பரவால்லக்கா, அண்ணன் வந்ததும் போட்டுவிடச் சொல்லுங்க" என்றார் பாருங்கள், அங்கேதான் எனக்கு ஏறியது. கீழ் வீட்டு அக்காவிடம் 2,000 கைமாற்று வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

நான் வேலை பார்ப்பது ஆடிட்டர் ஆபீஸில். ஊரில் இருக்கிறவன் கணக்கையெல்லாம் பைசா சுத்தமாக டேலி செய்கிறவள், சொந்தக் கணக்கில் இருக்கும் 1,850 ரூபாயை எடுக்க முடியாமல் பக்கத்து வீட்டில் கை நீட்டுகிறேன்.

இதற்கு விதை போட்டது 2019இல். வீட்டுக் கடன் வாங்கிய கையோடு இஎம்ஐக்கு என்று ஜாயின்ட் அக்கவுண்ட் திறந்தோம். ஃபாரத்தை நிரப்பிக் கொடுத்த வங்கி ஊழியர் இரண்டு பெயருக்கும் நேராக என் வீட்டுக்காரர் நம்பரையே எழுதினார். என் நம்பர் வேறே என்று சொன்னேன். "எந்த நம்பரா இருந்தா என்ன மேடம், எல்லாம் வீட்டுக்குள்ளதானே" என்றார். நானும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு எதற்குச் சிரித்தேன் என்று இன்றுவரை எனக்கே என் மேல் ஆத்திரம்.

ஃபாரத்தில் நாங்கள் டிக் செய்தது 'ஈதர் ஆர் சர்வைவர்'. அதாவது இரண்டு பேரில் யார் வேண்டுமானாலும் போடலாம் எடுக்கலாம், ஒருவர் போய்விட்டால் மற்றவர் தொடரலாம். 'ஃபார்மர் ஆர் சர்வைவர்' என்று இன்னொன்று உண்டு, அதில் முதல் பெயர்க்காரர் உயிரோடு இருக்கும்வரை அவர் மட்டும்தான் பணத்தைத் தொட முடியும், இரண்டாவது ஆளுக்கு அவர் காலத்துக்குப் பிறகுதான். எங்கள் பாஸ்புக்கில் அச்சடித்திருப்பது முதல் வகை, நடப்பது இரண்டாவது வகை. யுபிஐ போடலாம் என்றால் வங்கியில் பதிந்த நம்பரின் சிம் போனுக்குள் இருக்க வேண்டும். சிம் அவர் பாக்கெட்டில். நெட் பேங்கிங்குக்கும் அதே கதை. பேப்பரில் இரண்டு பேர் கணக்கு, போன் யாரிடம் இருக்கிறதோ அவர்தான் ஓனர்.

சரி, நம்பரை மாற்றலாம் என்று லீவு போட்டுவிட்டு பிராஞ்சுக்குப் போனேன். ஆதார், பான், பாஸ்புக், எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ், கையில் எழுதிய லெட்டர் ஒன்று. டோக்கன் வாங்கி ஒரு மணி நேரம் உட்கார்ந்து கவுண்டருக்குப் போனால், அந்த அம்மா ஸ்க்ரீனைப் பார்த்துவிட்டு, என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "ப்ரைமரி ஹோல்டர் சார்தானே, சாரை வரச் சொல்லுங்க மேடம்" என்றார். ஈதர் ஆர் சர்வைவர்தானே, நான் மாற்றச் சொல்வது என் நம்பரைத்தானே என்றேன். "சிஸ்டத்துல அப்படித்தான் இருக்கு, சார் சைன் வேணும்." அவரும் ஒரு பொம்பளைதான், அவர் வீட்டில் ஓடிபி யார் போனுக்குப் போகிறதோ.

இதில் பணம் யாருடையது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் சம்பளம் 28,000, முதல் தேதி ஏறும், இரண்டாம் தேதி அதில் 24,000ஐ நானே ஜாயின்டுக்கு மாற்றிவிடுவேன். ஐந்தாம் தேதி இஎம்ஐ 33,000 போகும். மீதியை அவர் சம்பளக் கணக்கிலிருந்து போட வேண்டும். போடுவார், குறை சொல்ல மாட்டேன், மாமியார் மருந்து, பிள்ளை ஸ்கூல் ஃபீஸ், வண்டி லோன் எல்லாம் அவர் தலையில்தான். ஆனால் போன பிப்ரவரியில் மறந்துவிட்டார். பேலன்ஸ் பத்தாது என்று இரண்டு நாள் முன்பே எஸ்எம்எஸ் வந்திருக்கிறது, அவருக்கு. அவர் போனில் படிக்காத எஸ்எம்எஸ் இரண்டாயிரத்துச் சொச்சம் இருக்கும், லோன் வேண்டுமா, ரம்மி விளையாடுகிறீர்களா என்று வரும் குப்பைக்கு நடுவே அதுவும் ஒன்று. இஎம்ஐ பவுன்ஸ் ஆனது. வங்கி 590 பிடித்தது, கடன் கொடுத்த கம்பெனி தன் பங்குக்குத் தனியாக ஒரு 590. கடனில் நானும் இணைக் கடனாளி, தவணை இழுத்துக்கொண்டே போனால் சிபில் ஸ்கோர், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று போடும் மார்க், எனக்கும் சேர்ந்துதான் அடிவாங்கும். அடி வாங்குவதற்கு மட்டும் பிரைமரி, செகண்டரி எல்லாம் கிடையாது போல.

சண்டை போட்டேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. "நீ கேட்டா நான் அனுப்ப மாட்டேனா?"

அனுப்புவார். கேட்ட அஞ்சு நிமிஷத்தில் அனுப்புவார், எதுக்கு என்றுகூடக் கேட்க மாட்டார், தங்கமான மனுஷன். ஆனால் ஏன் கேட்க வேண்டும்? என் சம்பளத்தில் முக்கால்வாசிக்கு மேல் போய் விழுகிற கணக்கிலிருந்து எடுக்க, ஏங்க, ஒரு ஆயிரம் போட்டுவிடுறீங்களா என்று டைப் செய்து, ப்ளூ டிக் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று ஒரு நாள் நின்று பார்த்தால்தான் தெரியும்.

எங்கள் அம்மா சம்பாதிக்கவில்லை. காய்கறிக் காசில் மிச்சம் பிடித்து துவரம்பருப்பு டப்பாவுக்குள் பாலிதீன் கவரில் சுருட்டி வைத்திருந்தார். 2016 நவம்பர் 8 ராத்திரி டிவியில் 500, 1000 செல்லாது என்றதும் முகம் வெளுத்துப்போய் உள்ளே போனவர், மறுநாள் காலையில்தான் அந்தக் கவரை எடுத்து அப்பா முன்னால் வைத்தார். 37 ஐநூறு ரூபாய்த் தாள், பருப்பு வாசனையோடு. அப்பா எண்ணி முடித்துவிட்டு, "எனக்குத் தெரியாம இவ்வளவா" என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அம்மாவுக்கு அப்போது கணக்கு கிடையாது, 18,500ஐயும் அப்பா தன் கணக்கில் போட்டார். அப்புறம் அந்தப் பணம் டப்பாவுக்குத் திரும்பி வரவே இல்லை. அப்பா எடுத்துக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன், வீட்டுச் செலவுக்குத்தான் போயிருக்கும். அம்மா கேட்கவும் இல்லை.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்கு மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வருகிறது, 2023 செப்டம்பரில் தொடங்கியதிலிருந்து வருகிறது, அவர் பெயரிலேயே கணக்கு. ஏடிஎம் கார்டு வீட்டுக்காரரிடம். வந்துவிட்டதா என்று அவர் சொன்னால்தான் இவருக்குத் தெரியும். அதைக் கேட்டு நான் உச்சுக்கொட்டினேன், என்னவோ நான் பெரிய இவள் மாதிரி.

இந்தப் புலம்பலை யாரிடம் சொன்னாலும் ஒரு அறிவுரை தயாராக இருக்கிறது. தனித்தனியா வெச்சுக்கோங்க என்கிறார்கள். அப்போது இஎம்ஐயை யார் கட்டுவது, பாதி வீடு, பாதி கக்கூஸ் என்று பிரித்துக்கொள்ளவா? இன்னொரு கோஷ்டி, வீட்டுக்காரர் பணத்தை உங்க பேர்ல எஃப்டி போடச் சொல்லுங்க, டாக்ஸ் மிச்சம் என்கிறது. அய்யா, நான் ஆடிட்டர் ஆபீஸ்காரி. வருமான வரிச் சட்டத்தின் பழைய 64ஆம் பிரிவிலேயே இருக்கிறது, கணவர் சும்மா கொடுத்த பணத்தில் மனைவி பெயருக்கு வரும் வட்டியும் கணவர் வருமானத்தில்தான் சேரும். வருஷா வருஷம் ஜூலையில் இதை நூறு பேருக்குச் சொல்லித் தொண்டை வற்றுகிறது.

நானும் உத்தமி இல்லை. ஆபீஸில் ஒரு அக்கா நடத்தும் சீட்டில் மாதம் 2,000 கட்டுகிறேன், அவருக்குத் தெரியாது. இதைப் படித்தால் தெரியும். தெரியட்டும். அம்மாவின் பருப்பு டப்பாதான் அது, வேறென்ன.

வாஷிங் மெஷின் கதையைக் கேட்டதும் அவருக்கும் உறுத்தியிருக்க வேண்டும். ராத்திரி சாப்பிட்டதும் போனை எடுத்துக்கொண்டு வந்து, "இங்க பாரேன், யுபிஐ சர்க்கிள்னு ஒண்ணு இருக்கு, உன்னை ஆட் பண்ணிட்டா நீயே கட்டிக்கலாம், என்னைக் கேட்கவே வேண்டாம்" என்றார், பிறந்தநாள் பரிசு கொடுக்கிற முகத்தோடு. வாங்கிப் படித்தேன். அவர் பிரைமரி, நான் செகண்டரி. அவர் எனக்கு லிமிட் வைப்பார், மாதத்துக்கு 15,000 வரை, ஒரு தடவைக்கு 5,000க்கு மேல் கூடாது. காலேஜ் போகிற பையனுக்கும், போன் தெரியாத தாத்தாவுக்கும் நல்ல ஏற்பாடு, இல்லை என்று சொல்லவில்லை. மாதம் 24,000 போடுகிற எனக்கு 15,000 லிமிட். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன், கொஞ்சம் சத்தமாகவே கழுவினேன்.

கடைசியில் அவர் அரை நாள் லீவு போட்டார். இரண்டு பேரும் போனோம். அதே கவுண்டர், அதே அம்மா, "வாங்க சார், உட்காருங்க" என்றார். பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. மூன்று வேலை நாளில் மாறிவிடும் என்றார்கள்.

படி இறங்கும்போது அவர் போனில் டிங் என்றது. என் மொபைல் நம்பரை மாற்றக் கோரிய விண்ணப்பம் கிடைத்துவிட்டதாம். அதை எனக்கு வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு செய்தார்.