ஐ7 ஸ்டிக்கரை மட்டும் நம்பி வாங்காதீர்கள்

"பழையதோ புதியதோ, ஐ7 எப்போதும் ஐ5-ஐ விட வேகம், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" என்று லேப்டாப்பின் மூளையான இன்டெல் ப்ராசசர் சிப்களைப் பற்றி ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இது தவறு. இதை நம்பிப் பணத்தைக் கொட்டுபவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

ஐ5, ஐ7 என்பதெல்லாம் ஒரே தலைமுறைக்குள், ஒரே வகைக்குள் ஒப்பிடத்தான் உதவும். 2016-இல் வந்த கோர் ஐ7-7500யூவில் இருப்பது 2 கோர் (சிப்புக்குள் வேலை செய்யும் பகுதி), 4 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை). அடுத்த ஆண்டே வந்த ஐ5-8250யூவில் 4 கோர், 8 த்ரெட். ஒரே நேரத்தில் பல வேலை ஓடும்போது அந்த ஐ7 பின்தங்கிவிடும். பழைய லேப்டாப் தேடுபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

மாடல் பெயரில் ஐ5, ஐ7-ஐ அடுத்துள்ள சிறு கோட்டுக்குப் (-) பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 7500 என்றால் 7-ஆம் தலைமுறை, 8250 என்றால் 8-ஆவது. கடைசி எழுத்தும் முக்கியம்: யூ என்றால் பேட்டரியை மிச்சப்படுத்தும் சிப், எச் என்றால் அதிக மின்சாரம் எடுத்து அதிக வேலை செய்யும் சிப். விற்பவர் வெறும் 'ஐ7' என்று மட்டும் சொன்னால் முழு மாடல் எண்ணையும் கேளுங்கள். மெஷின் கையில் இருந்தால் இன்னும் சுலபம்: விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போனால் சிப்பின் பெயர், கோர் எண்ணிக்கை இரண்டும் தெரியும்.

அப்புறம், ஹார்ட் டிஸ்க் மட்டும் உள்ள ஐ7-ஐ விட எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கை விட வேகமான சேமிப்பகம்) உள்ள ஐ5 அன்றாட வேலைக்குச் சுறுசுறுப்பாக இருக்கும். ரேம் (தற்காலிக நினைவகம்) போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டதா, அதாவது பற்றவைக்கப்பட்டதா என்றும் கேட்டுவிடுங்கள், அப்படியென்றால் பிறகு அதை மாற்ற முடியாது.