தியலும மேல் குளங்கள்: அரை மணி நேரப் பாதை எது?

இலங்கையின் தியலும அருவிக்கு மேலே இருக்கும் குளங்களைப் பற்றி, 'தியலும மேல் குளங்களுக்கு அரை மணி நேரம் போதும், செருப்போடே போகலாம், புதியவர்களுக்கும் சுகமான நடை' என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அதில் பாதிதான் சரி.

அவர் சொல்வது அருவிக்கு மேலே உள்ள பூனாகலைப் பக்கமிருந்து இறங்கும் பாதை. அங்கே த்ரீவீலர் மேலேயே கொண்டுபோய் விட்டுவிடும். ஆனால் பஸ்ஸில் வருகிறவர்கள் இறங்குவது கொஸ்லந்தை - வெல்லவாய வீதியில், அருவியின் அடியில். அருவியின் உயரமே 220 மீட்டர். அங்கிருந்து மேலே போக ஒரு மணி நேரத்துக்கு மேல் செங்குத்தாக ஏற வேண்டும். வழியெல்லாம் மானாப்புல், அதற்குள் பிரிந்து பிரிந்து போகும் ஒற்றையடித் தடங்கள். பழக்கமில்லாதவர் எதைப் பிடிப்பது என்று திகைத்து நின்றுவிடுவார். ஊர் ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

செருப்பு விஷயம் இன்னும் மோசம். குளத்து ஓரப் பாறை பார்க்கக் காய்ந்த மாதிரி இருக்கும். கால் வைத்தால் பாசி வழுக்கும். கடைசிக் குளத்துக்கு அப்பால் வேலி கிடையாது, நேரே பள்ளம். போட்டோவுக்காக விளிம்புக்குப் போகவே வேண்டாம். இங்கே உயிர்கள் போயிருக்கின்றன.

அப்புறம் மழை. ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடியோடு கொட்டும். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே பூனாகலையில் பெய்த மழை ஆற்றில் இறங்கிவிடும். தண்ணீர் கலங்கி, இலை குச்சி மிதந்து வந்தால் உடனே கரையேறுங்கள், சாமான் எடுக்க நிற்காதீர்கள். அந்த மாதங்களில் காலையிலேயே ஏறி, மத்தியானத்துக்குள் இறங்கிவிடுவதுதான் நல்லது.