ஏசி இல்லாமல் வாழ்வதற்கும் வசதி வேண்டும்

மூன்று நாள்களாக இதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். கோவையில் இருக்கும் ஐயா ஒருவர் வயதில் மூத்தவர், மரம் வளர்ப்பைப் பற்றி அவர் எழுதிய பலவற்றை நானே பகிர்ந்திருக்கிறேன், அவரோடு பொதுவெளியில் மல்லுக்கு நிற்பது அழகல்ல என்று வீட்டிலும் சொன்னார்கள். ஆனால் அம்மாவின் அறையில் ஏசி மாட்டிய அன்று நான் போட்ட படத்தை எடுத்துத் தம் பக்கத்தில் ஒட்டி, 'நோயை விலை கொடுத்து வாங்கும் தலைமுறை' என்று அவர் தலைப்பிட்டதும், அதன் கீழே பின்னூட்டங்களில் இரண்டு நாள் நடந்த கூத்தும் உங்களில் பெரும்பாலானோருக்குத் தெரியும். தெரியாதவர்கள் தேடிப் பார்த்துக்கொள்ளட்டும். அதை மறுபடியும் இங்கே ஒட்டி இன்னும் நூறு பேரைச் சிரிக்க வைக்க எனக்கு விருப்பமில்லை.

ஐயா சொன்னதன் சாரம் இதுதான்: கோவையில் அவர் வீட்டார் இன்றுவரை ஏசி இல்லாமல்தான் வாழ்கிறார்களாம், நம் பாட்டன் பூட்டன் எல்லாரும் அப்படித்தான் வாழ்ந்தார்களாம், மனம் இருந்தால் போதுமாம். மனம் மட்டும் போதாதுங்க ஐயா. ஏசி இல்லாமல் வாழ்வதற்கும் வசதி வேண்டும். நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். சுற்றிச் சுற்றி இதையே சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வசதி எப்படிப்பட்டது என்பதை ஐயாவின் வீட்டிலேயே நான் பார்த்திருக்கிறேன். மருதமலைக்குப் போகும் வழியில், இருபது சென்ட் இடத்தின் நடுவில் வீடு. முன்புறம் வேம்பு, பின்புறம் இரண்டு புங்கை, மேற்கே தென்னை வரிசை. ஆனி மாதத்தில் போயிருந்தேன். பேசிக்கொண்டிருக்கும்போது மேசை மேலிருந்த செய்தித்தாள் பறந்துவிடாமல் இருக்க அதன்மேல் தண்ணீர்ச் சொம்பை வைத்தார். சொம்பை எடுத்து ஒரு வாய் குடிப்பதற்குள் தாள் கூடத்தின் மறுகோடிக்குப் போய்விட்டது. அந்தக் காற்று ஐயா சம்பாதித்ததன்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் என்று ஓர் இடைவெளி இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியாக நுழைந்து கோவையின்மேல் வீசுகிறது. கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேலே இருக்கிறது. எங்கள் ஈரோடு 200 மீட்டரைக்கூட எட்டாது. இரண்டையும் கொங்கு நாடு என்று ஒரே பேரால் அழைத்துவிடலாம், ஆனால் இரண்டு ஊரின் இரவும் ஒன்றல்ல. கோவைக்காரர்கள் தங்கள் ஊரின் காற்றையும் சிறுவாணித் தண்ணீரையும் பற்றிப் பேசும்போது ஏதோ தாங்களே நோன்பிருந்து பெற்ற வரம்போலப் பேசுவார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குப் பழகிவிட்டது.

நான் இருப்பது வீரப்பன்சத்திரத்தை ஒட்டிய ஒரு சந்தில், ஒன்றரை சென்ட் இடத்தில், மாடி வீட்டில். மூன்று பக்கமும் அடுத்தவர் சுவர். அம்மாவின் அறைச் சன்னலைத் திறந்தால் இரண்டு அடி தூரத்தில் பக்கத்து வீட்டுச் சிமெண்டுப் பூச்சு. மேலே கான்கிரீட் தளம். பகல் முழுவதும் வெயிலைக் குடித்த தளம் அதைப் பகலிலேயே கக்கிவிடுவதில்லை, நாம் பாயை விரித்த பிறகுதான் கக்குகிறது. சித்திரையில் இரவு பத்து மணிக்கு அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்தால், அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய குண்டாவைத் தொட்டதுபோல் இருக்கும். மின்விசிறி அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளுகிறது. 40 டிகிரிக்கு மேல் போனால் மின்விசிறி உடம்பைக் குளிர்விப்பதற்குப் பதிலாகச் சூடேற்றும் என்று உலக சுகாதார நிறுவனமே எச்சரிக்கிறது. 2024 ஏப்ரல் கடைசி வாரத்தில் ஈரோட்டில் வெயில் 42 டிகிரியைத் தாண்டியதை நினைவில் வைத்துக்கொண்டு 'மனம் இருந்தால் போதும்' என்ற வரியை மறுபடி படியுங்கள்.

பாட்டன் பூட்டன் கதைக்கு வருகிறேன். எனக்கும் பாட்டன் வீடு உண்டு. காங்கேயத்துப் பக்கம் அம்மா பிறந்த வீடு தொட்டிக்கட்டு வீடு. மண் சுவர் ஒன்றரை முழம் கனம், மேலே நாட்டு ஓடு, நடுவில் திறந்த தொட்டி, முன்னால் ஆசாரம் என்கிற கூடம், வாசலில் வேம்பு. அந்த வீட்டுக்கு ஏசி வேண்டாம்தான், நான் மறுக்கவில்லை. அந்த வீட்டைத் தாருங்கள், நாளைக்கே ஏசியைக் கழற்றிவிடுகிறேன். ஆனால் பங்கு பிரித்து, வேம்பை வெட்டி, காட்டை மனையாக்கி விற்று, எல்லாரும் டவுனுக்கு வந்து தீப்பெட்டிகளை அடுக்கியதுபோல் வீடு கட்டிக் குடியேறிய பிறகு, அந்தக் காலத்து உறக்கத்தை மட்டும் உறங்கு என்றால் எப்படி?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பலருக்குப் பிடிக்காது. வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டு வேப்பங்காற்றில் உறங்கிய கதையை எழுதுகிறவர்கள் எல்லாரும் ஆண்களாகவே இருப்பதை நான் கவனித்திருக்கிறேன். அந்தக் கட்டில்களில் அம்மாவோ, சித்தியோ, அம்மாவைப் பெற்ற அமுச்சியோ படுத்ததில்லை. அவர்கள் சமையற்கட்டை ஒட்டிய உள்ளறையில், புகையும் புழுக்கமும் அடங்காத இடத்தில், தாழிட்டுக்கொண்டு படுத்தார்கள். அந்த வீட்டுப் பண்ணையாள் எங்கே படுத்தார் என்று கேட்டால் பேச்சே மாறிவிடும். ஏசி இல்லாமல் சுகமாக வாழ்வது அன்றைக்கும் வசதியுள்ள ஆணின் வாழ்க்கைதான்.

என் அப்பா விசைத்தறி ஓட்டினார். பட்டறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சித்திரை வைகாசியில் பாவு நூல் காய்ந்து இழை இழையாக அறும் என்பதற்காக முதலாளி தரையில் தண்ணீர் தெளிப்பார், சன்னலில் ஈரச்சாக்கைத் தொங்கவிடுவார். விசிறி கேட்டால் பஞ்சு பறக்கும் என்பார். நூலுக்கு ஈரம் கிடைத்தது, அப்பாவுக்குக் கிடைக்கவில்லை. பின்னாளில் ஏசியின் வரலாற்றைப் படித்தபோது எனக்கு வந்தது சிரிப்பா எரிச்சலா என்று சொல்லத் தெரியவில்லை. 1902இல் வில்லிஸ் கேரியர் அமெரிக்காவில் இதை அமைத்தது மனிதருக்காக அன்று. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகத்தில் ஈரக்காற்றில் தாள் உப்பி வண்ணங்கள் இடம் மாறி விழுந்ததற்காக. 'ஏர் கண்டிஷனிங்' என்ற பெயரை 1906இல் வைத்த ஸ்டூவர்ட் கிராமர் நூற்பாலைப் பொறியாளர், அவருடைய கவலை நூல். நம் கோவையில் முதல் நூற்பாலை 1888இல் வந்தது; பிறகு வந்த ஆலைகளிலெல்லாம் இழை அறாமல் இருப்பதற்காகக் காற்றில் ஈரம் ஏற்றும் ஏற்பாடு உண்டு. தாளுக்கும் நூலுக்கும் செய்தபோது அது தொழில்நுட்பம். எழுபத்து நான்கு வயது அம்மாவுக்குச் செய்தால் ஆடம்பரம். நல்ல நியாயம்.

சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் யூ, வெப்பமண்டல நாடுகளின் வளர்ச்சிக்கு வழிவிட்ட கண்டுபிடிப்பு ஏசி என்று சொன்னவர். ஆட்சிக்கு வந்ததும் முதலில் அரசு ஊழியர்களின் அலுவலகங்களில்தான் அதை மாட்டினார். இதைச் சொன்னால் 'சிங்கப்பூரும் ஈரோடும் ஒன்றா' என்று வருவீர்கள். கோவையும் ஈரோடும் மட்டும் ஒன்றா?

சுற்றுச்சூழலைப் பற்றிப் பேசினீர்கள். அதில் உண்மை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஏசி சூட்டை அழிப்பதில்லை, உள்ளே இருந்ததை வெளியே தள்ளுகிறது, கூடவே தன் பங்குக்கும் கொஞ்சம் சேர்க்கிறது. மாட்டிய மூன்றாம் நாளே பக்கத்து வீட்டு அக்கா வந்து, "தம்பி, உங்க மிசினு காத்து எங்க சமையக்கட்டுக்குள்ள அடிக்குதுங்க" என்றார். எனக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. ஆளை வரவழைத்து, கூடுதலாகச் செம்புக் குழாய்க்குப் பணம் கட்டி, வெளிப்பெட்டியை மொட்டை மாடிக்கு ஏற்றினேன். அந்தச் சூடு இப்போது யார்மேல் விழுகிறது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனால் இதைக் கேட்கும் தகுதி அந்த அக்காவுக்கு உண்டு. இரண்டு கார் வைத்திருப்பவருக்கு, அதுவும் இரண்டிலும் ஏசி போட்டுக்கொண்டு போகிறவருக்கு, இல்லை. கார் ஏசி எலும்பை உருக்காது போலும்.

எலும்பு உருகும், சளி பிடிக்கும் என்றெல்லாம் எழுதியவர்களுக்கு: 18 டிகிரியில் வைத்துப் போர்வைக்குள் நடுங்கினால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதுதான். எங்கள் வீட்டில் 27இல் ஓடுகிறது, கூடவே மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறது. ஒவ்வொரு டிகிரி கூட்டுவதற்கும் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்று ஒன்றிய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் சொல்கிறது. மீட்டரை இரவும் காலையும் பார்த்து நான் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: ஓர் இரவுக்கு நான்கு யூனிட், புழுக்கம் அதிகமான நாளில் ஐந்து. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும் என்பது ஈபி பில் கட்டும் எல்லாருக்கும் தெரியும். அந்தக் கோட்டைத் தாண்டாமல் இருக்கக் கிரைண்டரைக்கூடக் கணக்குப் பார்த்துப் போடுகிறவர்கள் நாங்கள். எங்களைப் பார்த்து ஊதாரி என்கிறார்கள்.

ஏசி வாங்க முடியாத கோடிப் பேர் என்ன செய்வார்கள் என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். நியாயமான கேள்வி, மற்றவற்றைவிட என்னைக் குத்தியதும் அதுதான். அப்பாவோடு தறி ஓட்டியவர்களில் பலர் இன்றும் தகரக் கூரையின் கீழ்தான் இருக்கிறார்கள். 2024இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. பேரிடர் என்று அரசே சொல்லிவிட்ட ஒன்றை மன உறுதியால் தாங்கிக்கொள் என்று அவர்களிடம் சொல்வாரா ஐயா? வெள்ளம் வந்தால் நீச்சல் பழகு என்பாரா? அவர்களுக்கும் வேண்டும் என்பதுதான் என் பதில். போதாத பதில்தான்.

பங்குனியில் எங்கள் ஊரில் பெரிய மாரியம்மன் கோயிலில் திருவிழாவுக்கு நட்ட கம்பத்துக்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுகிறார்கள், பெண்கள் ஈரப் புடவையோடு வரிசையில் நிற்பார்கள். கம்பம் குளிர வேண்டும், ஊர் குளிர வேண்டும் என்று நினைக்கிற ஊரில், ஒரு கிழவி குளிர்ந்தால் மட்டும் ஏன் இத்தனை பேருக்கு எரிகிறது?

அந்தப் படத்துக்குப் பின்னால் இருப்பதை எழுத வேண்டாம் என்று நினைத்திருந்தேன். 2024 ஏப்ரலில் ஒருநாள் இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தபோது அம்மாவின் கட்டில் காலியாக இருந்தது. குளியலறைக் கதவு பாதி திறந்திருந்தது. ஈரத் தரையில், நனைத்த புடவையை மேலே போர்த்திக்கொண்டு, பிளாஸ்டிக் வாளியைத் தலைமாட்டில் வைத்து ஒருக்களித்துப் படுத்திருந்தார். விழுந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். தொட்டதும் விழித்துக்கொண்டு, "உள்ளுக்குப் புழுக்கமா இருக்குது சாமி, இங்க தரை சில்லுன்னு இருக்குது" என்றார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டதற்கு நாலஞ்சு நாளாக என்றார். மறுநாள் பகலில் மயங்கி விழுந்து, குளுக்கோஸ் ஏற்றி வீட்டுக்கு அழைத்து வந்தோம். வயதானவர்களுக்கு வியர்ப்பதும் குறைவு, தாகம் தெரிவதும் குறைவு என்றார் மருத்துவர். அடுத்த வெயிலுக்குள் ஏசி மாட்டிவிட வேண்டும் என்று அன்றைக்கு வைத்த எண்ணம், சீட்டு எடுத்து இப்போதுதான் நிறைவேறியது. அந்த மகிழ்ச்சியில் போட்ட படம் அது.

அதன் கீழே ஒருவர் எழுதினார்: 'ஐஸ் பெட்டிக்கு இப்போதே பழக்குகிறார்கள் போல'. ஐயா அதற்குச் சிரிப்புக் குறி போட்டிருந்தார்.

அம்மாவுக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும். பேத்தியின் செல்பேசியில் படித்துவிட்டார். எதுவும் சொல்லவில்லை, இரவு சாப்பிடும்போதுதான், "அந்த மிசினக் கடைக்காரங்ககிட்டயே திருப்பிக் குடுத்தா எடுத்துக்குவாங்களா கண்ணு?" என்று கேட்டார். அதற்கு முன்பெல்லாம் பதினொரு மணிக்கு நான் போட்டுவிட்டு வருவேன், விடியற்காலை நான்கு மணிக்குக் கரண்ட் வீணாகிறதென்று அவரே அணைக்கும் 'பீப்' சத்தம் கேட்கும். இரண்டு இரவாக அந்தச் சத்தம் இல்லை. போடவே விடுவதில்லை, கதவைத் திறந்துபோட்டுப் படுத்துக்கொள்கிறார்.

ஐயா, படத்தை நீங்கள் எடுக்க வேண்டாம், தலைப்பையும் மாற்ற வேண்டாம். அந்தச் சிரிப்புக் குறியை மட்டும் எடுத்துவிடுங்கள், அம்மாவிடம் காட்ட வேண்டும்.