வாக்கர் வேறு, நடைவண்டி வேறு

"அந்தக் காலத்து நடைவண்டிதான் இன்றைய வாக்கர்" என்று, குழந்தைகள் நடை பழகுவது பற்றிய உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் இடிக்கிறது. மர நடைவண்டியைக் குழந்தை தானாக எழுந்து நின்று, பிடித்துத் தள்ளிக்கொண்டு போகும். உடம்பின் பாரம் காலில் இருக்கும். சக்கரம் வைத்த வாக்கரிலோ, நிற்கவே தெரியாத ஆறு மாதக் குழந்தையைத் துணி இருக்கைக்குள் இறக்கிவிடுகிறோம். அது நுனிக்காலால் உந்துகிறது. சுற்றியிருக்கும் தட்டு மறைப்பதால் தன் காலையே பார்க்க முடிவதில்லை. இதில் நடை எங்கே பழகுவது?

அதைவிடப் பயம் வேகம். ஒரே நொடியில் ஒரு மீட்டருக்கு மேல் போய்விடும். 'பக்கத்திலேயேதானே இருக்கேன்' என்ற சமாதானம் செல்லாது. அமெரிக்காவில் 1990 முதல் 2014 வரை வாக்கரால் அடிபட்டு அவசர சிகிச்சைக்கு வந்த, 15 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள் 2,30,000-க்கும் மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் படிக்கட்டில் உருண்டவர்கள். கனடாவில் 2004-லேயே விற்பனைக்கும் இறக்குமதிக்கும் தடை போட்டுவிட்டார்கள். டொரண்டோவில் இருக்கும் தங்கைக்கு அம்மா ஒன்று வாங்கி அனுப்பப் பார்த்து, அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

எங்கள் வீட்டில் மாடிப்படி இல்லை. சமையலறைக்கு இறங்கும் ஒற்றைப் படி போதுமாக இருந்தது. மூத்தவனுக்கு நெற்றியில் மூன்று தையல். சின்னவளைப் பாய் விரித்துத் தவழ விட்டோம். பதினான்காம் மாதம் நடந்தாள். அதுவரை பொறுமை இழந்தது மாமியார் மட்டும்தான்.