கேன்டூப்ளெக்ஸ் சொல்வது டிரைவரின் பதில்
ஒரு தம்பி, டாட் நெட் என்ற மைக்ரோசாஃப்ட் நிரல் தளத்தில், இருபக்கமும் அச்சிட முடியுமா என்று சொல்லும் கேன்டூப்ளெக்ஸ் 'ஃபால்ஸ்' (இல்லை) தந்தால் பிரிண்டரில் இருபக்க அச்சே கிடையாது, நாகர்கோவில் கடைக்காரர் ஏமாத்திட்டார் என்கிறார். கடைக்காரரைத் திட்டுமுன் ஒண்ணு கவனிங்க தம்பி. அந்தக் கேள்வி பிரிண்டருக்குப் போறதே இல்லை. டிவைஸ்கேப்பபிலிட்டீஸ் என்ற விண்டோஸ் ஃபங்ஷன் வழியா விண்டோஸ் கேட்பது டிரைவரிடம், அதாவது பிரிண்டரை இயக்க கம்ப்யூட்டரில் போட்டிருக்கும் மென்பொருளிடம். பிரிண்டரை ஆஃப் பண்ணிட்டு ஓட்டிப் பாருங்க, அதே பதில்தான் வரும்.

பொதுவான டிரைவரைப் போட்டிருந்தாலோ, பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸில் டிவைஸ் செட்டிங்ஸ் பக்கத்தில் டூப்ளெக்ஸ் யூனிட் (இருபக்க அச்சுப் பாகம்) 'நாட் இன்ஸ்டால்டு' என்று கிடந்தாலோ, இருக்கிற வசதியும் இல்லை என்றே வரலாம். மார்த்தாண்டத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையிலும் இதே கதை. அந்த ஒரு வரியை மாத்தினதும் 'ட்ரூ' வந்துச்சு. அதுவரை பாவம், மழையில கரண்ட் போய் வந்ததைத்தான் குறை சொல்லிட்டிருந்தாங்க.

பிரிண்டரையே நேரா கேட்கணும்னா ஐபிபி (இன்டர்நெட் பிரிண்டிங் புரோட்டோகால்) இருக்கு, பிரிண்டரோடு பேசுற நெறிமுறை அது. அதில் கெட்-பிரிண்டர்-ஆட்ரிபியூட்ஸ் என்ற கோரிக்கையை அனுப்பி, பதிலில் 'சைட்ஸ்-சப்போர்ட்டட்' பாருங்க. 'ஒன்-சைடட்' (ஒருபக்கம்) மட்டும் வந்தா கடைக்காரரிடம் தாராளமா பேசலாம். பழைய யூஎஸ்பி மாடல்கள் பலதும் ஐபிபி பேசாது. அங்கே மாடல் எண்ணை வச்சு கையேட்டைப் புரட்டுறதுதான் வழி.