கடைசி பைட் தொலைவது கேபிளாலா?

சுன்னாகம் தோட்டத்து ஈரப்பதமானிகளை ஆர்எஸ்-485 (பல கருவிகள் ஒரே வயரில் மாறி மாறிப் பேசும் முறை) வயரில் இணைத்தால் ஒவ்வொரு செய்தியிலும் கடைசி பைட் கெடுகிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கேபிள் நீளம்தான் காரணம், வேகத்தைக் குறைத்தால் சரியாகும் என்று அவருக்கு ஒரு தம்பி பதில் எழுதியிருக்கிறார். நீண்ட கேபிள் தொல்லை தரும்தான். ஆனால் அது கடைசி பைட்டை மட்டும் தேடிப் பிடித்துக் கெடுக்காது.

கேட்டவர் போட்டிருக்கும் நிரலைப் பாருங்கள். ஏடிமெகா328பி சிப்பில் யுடிஆர்இ இன்டரப்ட் (சிப் நிரலுக்குத் தரும் ஒரு சைகை) வந்ததும், வயரில் அனுப்பும் டிரைவரை அணைக்கிறார். ‘அடுத்த பைட்டுக்கு இடம் இருக்கிறது’ என்பதே அந்த இன்டரப்டின் பொருள். கடைசி பைட் அப்போதுதான் வயரில் இறங்கத் தொடங்குகிறது. விநாடிக்கு 9600 பிட் வேகத்தில் அது போய் முடிய இன்னும் சுமார் 1 மில்லி செகண்ட் வேண்டும். முழுதும் போய்விட்டதைச் சொல்வது டிஎக்ஸ்சி இன்டரப்ட். அணைக்க வேண்டியது அதில்தான்.

சரிபார்ப்பது சுலபம். மேசையில் அரை மீற்றர் வயரில் இரண்டு கருவிகளை மட்டும் இணைத்து, வேகத்தை 2400 ஆக்குங்கள். கேபிள்தான் காரணமென்றால் பிழை மறைய வேண்டும். இங்கே மறையாது. அப்புறம் டிஎக்ஸ்சி-க்கு மாற்றிவிட்டு, அதே பழைய நீளக் கேபிளிலேயே ஓட்டிப் பாருங்கள். புதுக் கேபிள் வாங்கும் காசு மிச்சம்.