தளம் ஒழுகுகிறது

அத்தை: பெங்களூரில் வாங்கிய சம்பளத்தில் கால் பங்கை, நீ கொழிஞ்சாம்பாறைக்கு வந்து உட்கார்ந்த குற்றத்துக்காகவா கழித்துவிட்டார்கள்? கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டிக் கேரளாவுக்குள் வந்தால் கூலி ஏறும் என்றுதானே பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஆட்கள் விடிவதற்குள் பஸ் பிடித்து இங்கே வருகிறார்கள்?

கதிர்: அது மண்வெட்டி பிடிப்பவர்களுக்கு, அத்தை. கணினி பிடிப்பவர்களுக்கு நேர்மாறு. ஊரிலிருந்து வேலை செய்தால் ஊருக்கேற்ற சம்பளம் என்று விதி வைத்திருக்கிறார்கள்.

அத்தை: தளம் போடுகிறவனுக்கு எதற்குக் கணினி? உன் நிச்சயதார்த்த அழைப்பிதழில் ‘தரவுத்தள நிர்வாகி’ என்று நீதானே அச்சடிக்கச் சொன்னாய்? மேஸ்திரி நம் வீட்டிலேயே இருக்கும்போது வெளியாளை ஏன் கூப்பிட வேண்டும் என்றுதான், ஒழுகுகிற அடுக்களைத் தளத்துக்கு அடியில் வாளியை வைத்துவிட்டு ஒரு வாரமாகக் காத்திருக்கிறேன்.

கதிர்: அது கான்கிரீட் தளம் அல்ல, அத்தை, டேட்டாபேஸ். ஒரு நிறுவனத்தின் கணக்கு வழக்கெல்லாம் சேர்ந்திருக்கும் இடம். அது நிற்காமல் பார்த்துக்கொள்வது, தவறாமல் நகல் எடுத்து வைப்பது, அந்த நகலிலிருந்து உண்மையிலேயே மீட்க முடிகிறதா என்று சோதிப்பது, யார் எதைப் பார்க்கலாம் என்று அனுமதி கொடுப்பது ஆகியவைதான் என் வேலை.

அத்தை: ஒழுகுமா?

கதிர்: ஒழுகினால் செய்தித்தாளில் வரும்.

அத்தை: அப்படியானால் தளம்தான். மேலே சொல்.

(கதிர் மடிக்கணினியை ஒரு சாண் தள்ளி வைத்தான். கூரையிலிருந்து விழுந்த சொட்டு அங்கேயும் வந்து சேர்ந்தது.)

கதிர்: கட்டட வேலை என்றால் நீங்கள் சொல்வது சரி. ரிசர்வ் வங்கி வெளியிட்ட கணக்கின்படி, 2022-23இல் கேரளக் கிராமங்களில் கட்டடத் தொழிலாளியின் சராசரி நாள் கூலி 852.5 ரூபாய், நாட்டின் சராசரி 393.3தான்.

அத்தை: அது சும்மா ஏறவில்லை, கண்ணு. பாதிப் பேர் வளைகுடாவுக்குப் போனார்கள். மிச்சம் இருந்தவர்கள் சங்கம் வைத்தார்கள். உங்களுக்குச் சங்கம் உண்டா?

கதிர்: வாட்ஸ்அப் குழு உண்டு.

அத்தை: அதிலும் உன் மேனேஜர் இருப்பாரே?

கதிர்: அவர்தான் அட்மின். ஆனால் இது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல, அத்தை. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2023 மே மாதக் கணக்கில் என்னைப் போன்றவரின் இடைநிலைச் சம்பளம் ஆண்டுக்கு 1,01,510 டாலர்; அதாவது பாதிப் பேர் அதற்கு மேலே, பாதிப் பேர் அதற்குக் கீழே. அங்கேயும் இடம் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். மத்திய அரசு ஊழியருக்கு 2024இல் அடிப்படைச் சம்பளத்தின் மேல் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் 45.41 சதவீதம் கூட்டினார்கள். எந்த வட்டாரத்திலும் சேராத ஊர்களில் 16.82 சதவீதம்தான்.

அத்தை: அங்கே தேங்காய் விலை அதிகமோ?

கதிர்: விலைவாசியை வைத்து அல்ல. அந்த வட்டாரத்தில் மற்றவர்கள் அதே தரத்து வேலைக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என 1990இல் சட்டமே போட்டிருக்கிறார்கள்.

அத்தை: அவர்கள் கடைசி ஊர்க்காரனுக்கும் 16 சதவீதம் கூட்டிவிட்டுத்தான் வித்தியாசம் பார்க்கிறார்கள்; உன் முதலாளி கழித்துவிட்டுப் பார்க்கிறார். அது போகட்டும், நீ காவல் காக்கிற தளம் எந்த ஊரில் இருக்கிறது?

கதிர்: மும்பையில். அதற்குப் பணம் கட்டும் வாடிக்கையாளர் அமெரிக்காவில்.

அத்தை: தளம் மும்பையில், வரவு டாலரில், கூலி மட்டும் கொழிஞ்சாம்பாறையிலா? நீ இங்கே வந்த பிறகு அந்த வாடிக்கையாளருக்கு பில்லில் கால் பங்கு குறைத்தார்களா?

கதிர்: இல்லை.

அத்தை: அப்படியானால் அந்தக் கால் பங்கு எந்த செக்போஸ்ட்டில் இறங்கிக்கொண்டது?

(கைப்பேசி அடித்தது. கதிர் இரண்டு முறை ‘சரி சார்’ என்றான்.)

கதிர்: மும்பை சர்வரில் டிஸ்க் நிரம்பிவிட்டதாம், அத்தை. நடந்ததையெல்லாம் சர்வர் எழுதி வைக்கிற லாக் கோப்புகள் குவிந்து கிடக்கின்றன. உடனே உட்கார்ந்து சரிசெய்யச் சொல்கிறார்கள்.

அத்தை: இரவு பதினொன்றுக்கா? இது எந்த ஊர்க் கணக்கு என்று கேட்டாயா?

கதிர்: கேட்கவில்லை.

அத்தை: கேட்க மாட்டாய். நிரம்பினால் கொட்டத்தான் வேண்டும், போ. போகிற போக்கில் அடுக்களை வாளியையும் கொட்டிவிட்டுப் போ. அதற்கு நான் பெங்களூர்க் கூலியே தருகிறேன்.